நரியை உதைத்த முயல்

கருவேலங்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. கோடையில் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அங்கே மட்டும்தான் தண்ணீர். முயல்கள் குளத்துக்குப் போக ஒரே ஒரு பாதை. பாதையோரம் அடர்ந்த புதர் ஒன்று. அதற்குள் ஒரு நரி பதுங்கியிருக்கும்.

வாரத்துக்கு ஒரு முயலாவது வீடு திரும்பாது.

முயல்கள் திரண்டுபோய், காட்டுக்குத் தலைவராக இருந்த பன்றியாரிடம் முறையிட்டன. அவர் சேற்றில் புரண்டபடியே கேட்டுக்கொண்டார்.

"நரி என்றால் அப்படித்தான் இருக்கும். நீங்கள்தான் உங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்! கீரியிடம் போய் நாலு பிடி கற்றுக்கொள்ளுங்கள்" என்றார்.

கூரன் என்ற அந்தக் கீரி பாம்புகளோடு மல்லுக்கட்டிப் பழகியவன். மறுநாளே பாறைச் சரிவில் வகுப்பைத் தொடங்கிவிட்டான். காய்ந்த கோரைப்புல்லைச் சுருட்டி நரி போல ஒரு பொம்மையும் செய்து வைத்தான்.

"பிடிபட்டால் தொண்டை கிழியக் கத்துங்கள்! உடம்பை முறுக்கிப் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து மூக்கில் உதையுங்கள்! பிடி தளர்ந்ததும் ஓடுங்கள். நின்று சண்டை போட வேண்டாம்!"

செம்பி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மூன்று குட்டிகளுக்குத் தாய். இலை உதிர்ந்தாலே திடுக்கிடுகிறவள்.

"எனக்குக் கத்தவே வராதே, வாத்தியாரே!"

"வரும். இன்னொரு தடவை!"

அவளுக்குக் குரல் வர ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் உதைத்த உதையில் பொம்மையின் தலை பிய்ந்து பறந்தது. பக்கத்தில் நின்ற மின்னி துள்ளிக் குதித்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். செம்பிக்கு உயிர்த்தோழி.

ஒருநாள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய செம்பியின் மேல் நரி பாய்ந்தது. முதுகில் பல் பதிந்தது. அவள் கத்தினாள். முறுக்கினாள். மூக்கைப் பார்த்து உதைத்தாள். அடுத்த கணம் ஓடிக்கொண்டிருந்தாள்!

அன்று முயல்களுக்கெல்லாம் திருவிழாதான். பன்றியாரே வந்து பாராட்டினார். "பார்த்தீர்களா? இனி நரியைப் பற்றி யாரும் என்னிடம் வர வேண்டியதில்லை!"

செம்பி மாறிப்போனாள். முன்பெல்லாம் தரையைப் பார்த்தபடி ஒதுங்கி ஒதுங்கிப் போவாள். இப்போது காதுகளை விறைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து நடந்தாள். அந்த நிமிர்வு அவளுக்கே பிடித்திருந்தது.

அடுத்த மாதம் மின்னி பிடிபட்டாள்.

அவள் கத்தவில்லை. உதைக்கவும் இல்லை. மரத்திலிருந்த மயில்கள் அலறின. அந்த வழியாக வந்த கடமான் கூட்டம் மிரண்டு நாலாபுறமும் ஓடியது. அந்தக் கலவரத்தில் நரி அவளைப் போட்டுவிட்டு ஓடியது. அவளுடைய ஒரு பின்னங்கால் கிழிந்து தொங்கியது.

"கெட்டிக்காரி என்று பெயர் மட்டும்தான்! ஓர் உதை விடத் தெரியவில்லையே?" என்று ஒரு முயல் சொன்னது.

"கவனமாகப் படித்திருந்தால் இப்படி ஆகுமா?" என்றது இன்னொன்று.

மின்னி வளையின் மண்சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "எல்லாம் ஞாபகம் இருந்தது, செம்பி. உடம்புதான் கட்டையாகப் போய்விட்டது. என்மேல்தான் தப்பா?"

செம்பி எழுந்தாள். நேராகக் கூரனிடம் போனாள்.

"அவளுக்கு எந்தப் பாடம் வரவில்லை, வாத்தியாரே?"

"அவளிடம் ஒரு குறையும் இல்லை, அம்மா. பயத்தில் உடம்பு மரத்துப்போவது யாருக்கும் நடக்கும். எனக்கே ஒருமுறை நடந்திருக்கிறது." கூரன் புல் பொம்மையைத் திரும்பிப் பார்த்தான். "நான் சொல்லிக்கொடுப்பது கடைசி நொடிக்கானது. அதற்கு முந்தி என்ன செய்யலாம் என்று யாருமே கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை."

செம்பி வெகுநேரம் யோசித்தாள். அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. அதைச் சொன்னால் இந்தப் பேரும் புகழும் போய்விடும். சொல்லாவிட்டால் மின்னி காலமெல்லாம் தலைகுனிந்தே இருப்பாள்.

மறுநாள் காலை எல்லோரையும் அழைத்துக்கொண்டு பன்றியாரிடம் போனாள். நொண்டி நொண்டி மின்னியும் வந்தாள்.

"நான் தப்பித்த அன்று நரியின் கால் ஈரக் களிமண்ணில் வழுக்கியது" என்றாள் செம்பி. "நான் உதைத்தது நிஜம். அது வழுக்கியதும் நிஜம். கதை சொன்ன போதெல்லாம் அதை மட்டும் விட்டுவிட்டேன். தரை காய்ந்து கிடந்திருந்தால் இன்று என் குட்டிகளுக்குத் தாய் இல்லை."

முயல்கள் மின்னியைத் திரும்பிப் பார்த்தன.

"அதற்கு என்னை என்ன செய்யச் சொல்கிறாய்?" பன்றியார் உறுமினார். "வகுப்பு வைக்கச் சொன்னேனே!"

"வகுப்பு நல்லதுதான், ஐயா. அது இல்லாவிட்டால் நான் கத்தியிருக்கவே மாட்டேன். ஆனால் எப்படி உதைப்பது என்று எங்களுக்குத்தான் பாடம். நரிக்கு ஒரு பாடமும் இல்லை. அது பதுங்கும் புதரும் அப்படியே இருக்கிறது. நீங்கள் ஒரு காலைப் பொழுது மெனக்கெட்டால் போதும்!"

பன்றியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மின்னியின் கால் கண்ணில் பட்டது. சேற்றிலிருந்து எழுந்து புதரை நோக்கி நடந்தார்.

புதரின் அடியில் தன் கோரைப் பற்களைக் கொடுத்து நெம்பினார். வேரோடு பெயர்ந்து விழுந்தது. நரி வெளியே துள்ளி விழுந்தது.

"இத்தனை நாள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்? இன்றைக்கு மட்டும் என்ன வந்தது?" என்று சீறியது.

பன்றியார் காலால் மண்ணைக் கிளறினார். தலையைத் தாழ்த்திக்கொண்டு அதன்மேல் பாய்ந்தார். நரி காட்டின் மறுகோடி வரை திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

அதன்பின் முயல்கள் ஆறேழு பேராகச் சேர்ந்தே குளத்துக்குப் போயின. தண்ணீருக்கு வந்த கடமான்கள் முன்னால் நடந்தன. பன்றியார் தினமும் ஒருமுறை பாதையைச் சுற்றிவந்தார். கூரனின் வகுப்பும் நடந்தது. மின்னி மூன்று காலை ஊன்றி நின்று, குட்டி முயல்களுக்குக் கத்தப் பழக்கினாள்.

தன்னைக் காத்துக்கொள்ளக் கற்பது எல்லோருக்கும் நல்லது. ஆனால் அதையே சாக்காக வைத்து ஆபத்தை அப்படியே விட்டுவைப்பதும், தப்பிக்க முடியாதவர்மேல் பழி போடுவதும் பெரும் தவறு.