ஓட்டைக்கு அடிக்கும் பெல்

"டீச்சர், ஓட்டையே இல்லாத கர்னல் எப்ப வரும்?" என்று கேட்டார் சவரிராயன்.

"அதை யாரும் திறந்து பாக்காத அன்னைக்கு," என்றார் கோமதி.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சவரிராயன் சிரிக்கவில்லை.

கர்னல் என்பது கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது. அதில் ஓட்டை இருந்தால் மேலே எத்தனை பூட்டுப் போட்டும் பயனில்லை. தென்காசியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து அப்படி ஒரு கர்னலைப் பராமரித்து வந்தார் கோமதி. பல ஊர் ஆஸ்பத்திரிகளில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

சவரிராயன் வயதில் அவரைவிட மூத்தவர். பார்த்த வேலையை விட்டுவிட்டு இதைக் கற்றுக்கொள்ள வந்தவர். ஆகவே அவர் கோமதிக்கு அண்ணாச்சி, கோமதி அவருக்கு டீச்சர்.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டையைக் கண்டுபிடித்தவர் சுவரில் மாட்டியிருக்கும் சைக்கிள் பெல்லை அடிக்க வேண்டும். எல்லாரும் கை தட்டுவார்கள். அந்த ஓட்டையை வைத்தவர், அதாவது அந்த வரிகளை எழுதியவர், கீழே போய் எல்லாருக்கும் உளுந்த வடை வாங்கி வர வேண்டும். வேறு தண்டனை கிடையாது.

அன்று காலை சவரிராயன் ஒரு ஓட்டையைக் கண்டிருந்தார். சாதாரண ஆள் ஒருவர் அதன் வழியாக மொத்த மெஷினுக்கும் முதலாளி ஆகிவிடலாம்.

எழுதியது யார் என்று பார்த்தார். அவரேதான்.

தன் பேருக்குக் கீழே இருந்த வரியை அவர் படிக்கவில்லை. அவமானத்தில் கண் அங்கே போகவில்லை.

கர்னலின் மெமரி பகுதியை யார் பொறுப்பில் விடுவது என்று அந்த வாரம் கோமதி சொல்லப்போகிறார். சவரிராயனின் பேர்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது. அதற்காக அவர் ஏங்கிய ஏக்கம் அவருக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும்.

பெல்லைப் பார்த்தார். அடிக்கவில்லை.

ஒரே வரியில் ஓட்டையை அடைத்தார். அந்தத் திருத்தத்துக்கு, அதாவது பேட்சுக்கு, ஒரு தலைப்பு வைத்தார்: "வரிகளின் இடைவெளி சீர்செய்யப்பட்டது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஓட்டை அடைபட்டால் போதாதா, தலைப்பில் என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கோமதிக்கு அனுப்பினார்.

கோமதி தலைப்பைப் படித்தார். அந்த ஒரு வரியைப் படித்தார். மறுபடி தலைப்பைப் படித்தார்.

"அடைச்ச விதம் ரொம்ப அழகு அண்ணாச்சி," என்றார். அவ்வளவுதான்.

போன் அடித்தது. ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தாவூது. பேட்ச் வெளியாகும் நாளில் தவறாமல் கூப்பிடுவார்.

கோமதி போனை அப்படியே சவரிராயன் கையில் கொடுத்தார். "நீங்களே சொல்லுங்க."

"இந்த வாரம் அவசரமா ஏதாச்சும் இருக்கா சார்?" என்றார் தாவூது. "மெஷினை நிறுத்தணும்னா ஐ.சி.யூ.ல முன்கூட்டியே சொல்லணும். அதான் கேக்கேன்."

சவரிராயன் திரையில் இருந்த தலைப்பைப் பார்த்தார். "பெருசா ஒண்ணுமில்ல. வரிகளோட இடைவெளியை சரி பண்ணிருக்கு."

"அம்புட்டுத்தானா! அப்ப நிறுத்த வேண்டாம். அடுத்த மாசம் எல்லாத்தையும் சேத்துப் போட்டுக்கிடுதேன். வச்சிரட்டுமா சார்?"

கோமதி ஜன்னலுக்கு வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வைக்காதிய!"

சவரிராயன் கத்தியே விட்டார். அறையில் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஓட்டை இருக்கு தாவூது. பெரிய ஓட்டை. பேட்ச் வந்ததும் இன்னைக்கே போட்டிருங்க. நான் வச்ச ஓட்டைதான்."

அந்தப் பக்கம் தாவூது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.

"ஏ அப்பா! நல்லவேளை சொன்னிய சார். இந்தா, ஐ.சி.யூ.வுக்குத்தான் போறேன்."

சவரிராயன் போனை வைத்தார். பேட்சின் தலைப்பை அழித்து, உள்ளதை உள்ளபடி எழுதினார். எழுந்து போய் பெல்லை அடித்தார். அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். ஏனென்று தெரியவில்லை, அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

கை தட்டல் எழுந்தது. "வச்சது யாரு? வடை யாரு வாங்கணும்?"

"அதுவும் நான்தான்!"

கண்டவரும் வைத்தவரும் ஒரே ஆளாக அதுவரை யாரும் வந்து நின்றதில்லை. அறையே குலுங்கிச் சிரித்தது. இந்த முறை சவரிராயனும் சிரித்தார்.

பிறகு கோமதியிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "டீச்சர், மெமரி பகுதியை வேற யாருக்காச்சும் கொடுத்திருங்க. அந்தத் தலைப்பை நான்..."

"பெல் சத்தம் எனக்கும் கேட்டுச்சுல்லா அண்ணாச்சி. நாளையிலேருந்து அதை நீங்கதான் பாக்கணும்."

சவரிராயனுக்குக் கண் நிறைந்துவிட்டது. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கோமதி.

"நீங்க எங்க டீச்சர்? வடை என் பாடுல்லா?"

கோமதி அவரைத் திரும்ப அழைத்துப்போய்த் திரையைக் காட்டினார். அதே பழைய வரிகள். மேலே, எழுதியவர்: சவரிராயன். அதற்குக் கீழே, காலையில் அவர் படிக்காமல் விட்ட வரி.

"பார்த்தேன். சரியாக இருக்கிறது. கோமதி."

"பாதி வடை என்னோடது," என்றார் கோமதி. "நடங்க."

சாரலில் நனைந்துகொண்டே இருவரும் சாலையைக் கடந்தார்கள். அந்த அறையின் வழக்கம் தெரிந்த வடைக்காரர் அவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"ரெண்டு பேருமா? அப்ப பெரிய ஓட்டைதான்!" என்று சொல்லி, சட்டியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்.