நீல முட்டைக்கு யார் சொந்தம்?

பண்ணையார் வீரபாகு சீமையிலிருந்து ஒரு சேவல் வரவழைத்தார். நீல முட்டை இடும் இனத்துச் சேவல். அது மதில் தாண்டிப் போய், அவர் தொழுவம் கூட்டும் சுடலியின் நாட்டுக் கோழிகளோடு கூடியது. அதற்குப் பிறந்த பெட்டைகள் வளர்ந்து நீல முட்டை இட்டன.

பண்ணையார் தன் வீட்டு வாசலில் ஊரைக் கூட்டினார்.

"அந்த நிறம் என் சேவல் கொடுத்தது. விதை யாருதோ, விளைச்சலும் அவனுக்குத்தான். பெட்டை பூராவும் என் வீட்டுக்கு வரணும்."

"அடைவச்சது நான். பருந்துக்குக் காவல் கிடந்தது நான்," என்றாள் சுடலி. அந்தக் கோழிகளை விட்டால் அவளுக்குக் கஞ்சி கிடையாது.

"வளர்த்த கதையெல்லாம் வேண்டாம். விதைதான் பேச்சு."

ஊர் தலையாட்டியது.

"ஐயா சொன்னா நியாயம்தான்," என்று சொல்லிவிட்டுச் சுடலி வீட்டுக்குப் போனாள். கோழிகளைக் கூடையில் அடைத்துக்கொண்டு, மகள் மாடத்தியையும் கைபிடித்துக் கூட்டி வந்தாள். அப்பன் பேர் தெரியாத பிள்ளை. அந்த ஊரில் பூனைக்கண் அவளுக்கும் பண்ணையாருக்கும் மட்டும்தான்.

"கோழிகள எடுத்துக்கிடுங்க. இவளையும் உள்ள கூப்பிடுங்க, ஐயா."

பண்ணையார் கூடையை அவள் பக்கமே தள்ளினார்.

"வளர்த்தவளுக்கே சொந்தம்," என்றார்.

சுடலி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். மாடத்தி மட்டும், அந்தப் பூனைக்கண்ணால், அவரை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.