அஞ்சாம் நம்பர் அட்டை

பல் டாக்டர் பூங்கோதைக்கு வாரத்தில் ஆறு நாளும் அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்வதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகச் சுடலாம் என்று பொள்ளாச்சிக்கு மேற்கே இருக்கும் ரைபிள் கிளப்புக்கு வந்தால், அங்கே நாச்சிமுத்து இருப்பார். அவரை யாரும் வாயைத் திறக்கச் சொல்ல வேண்டியதில்லை.

நாச்சிமுத்து பம்பு மோட்டார் வியாபாரி. கிளப்பில் பாயிண்ட் டூ டூ ரைபிள்கள் எத்தனையோ இருந்தாலும் அவருக்கு ஒன்றின் மேல்தான் உயிர். செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரு தேசம் இருந்த காலத்தில் செய்தது. தோட்டாவின் விளிம்பில் ஊசி தட்டினால் டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தோளில் இடிக்காது, காதை அடைக்காது. அதற்கு ராசாத்தி என்று பேர் வைத்தவரும் அவர்தான்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆடி மாதப் போட்டியில் ஜெயிப்பவருக்கு அடுத்த ஆடி வரைக்கும் ராசாத்தி. போன வருஷம் நாச்சிமுத்து ஜெயித்தார், அதனால் ராசாத்தி அவர் கையில் இருந்தது. பூங்கோதைக்குக் கை குட்டை. மற்ற ரைபிள்களின் நீளமான பின்கட்டையில் கன்னத்தை வைத்தால் கண் குறிக்கு வரவே வராது. ராசாத்தி மட்டும் அவருக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரிப் பொருந்தும். இந்த வருஷம் அதை வாங்காமல் விடுவதில்லை என்று வைராக்கியமாக வந்திருந்தார்.

போட்டிக்கு முன்னால் ஷெட்டில் டீ வந்தது. நாச்சிமுத்து ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"போன மாசம் என் குறி அட்டை மேல ஒரு ஈ உக்காந்திருந்துச்சுங்க. பாவம், அதை எதுக்குக் கொல்லணும்? மீசையை மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கி விட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அதே ஈ வந்து, இன்னொரு பக்கத்தைக் காட்டிட்டு உக்காந்துச்சுங்க."

அதே ஈதான் என்று எப்படித் தெரியும் என்று பூங்கோதை கேட்டார்.

"ஒரு பக்கம்தானுங்க மீசை இருந்துச்சு" என்றார் நாச்சிமுத்து, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அடுத்தது தென்னந்தோப்புக் கதை. ஒரு நாள் தாகமாக இருந்ததாம். ராசாத்தியை எடுத்து ஒரு தோட்டா போட்டாராம். கிளப் சுவருக்கு அந்தப் பக்கத் தென்னையில் ஓர் இளநீர் காம்பறுந்து இறங்கியது. அது தரையைத் தொடுவதற்குள் அதே குண்டு திரும்பி வந்து, மேலே சீவி, கண்ணையும் திறந்துவிட்டது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

சுபேதார் மாரண்ணன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ரேஞ்சில் யார் எப்போது சுடலாம் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். ரேஞ்சுக்கு வெளியே சுட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று அவர் எச்சரித்தார். நாச்சிமுத்து அசரவில்லை. துப்பாக்கி உள்ளேதான் இருந்தது, மரம்தான் வெளியே இருந்தது என்றார். குண்டும் வேலை முடிந்ததும் தானாக வந்து, அட்டைகளுக்குப் பின்னால் குண்டைத் தடுக்கும் நம்ம மண்மேட்டிலேயே படுத்துக்கொண்டதாம். ராசாத்தி வளர்த்த குண்டுகளுக்குச் சட்டம் தெரியும் என்றார்.

அப்புறம் காற்றுக்கு வந்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று அந்த ரேஞ்சில் வலது கன்னத்தில் அறையும். லேசான குண்டு, இடது பக்கம் ஒதுங்கிவிடும். அதுதான் எல்லோருக்கும் தலைவலி. நாச்சிமுத்து மட்டும் போன ஆடியில் குண்டைக் காற்றுக்குள் நிறுத்தியே வைத்தாராம். அது பாதி வழியில் அந்தரத்தில் நின்றதாம். இவர் எழுந்து வந்து டீ குடித்தார், கடைக்கு ஒரு போன் போட்டார். காற்று ஓய்ந்ததும், "போ சாமி" என்று சொன்னாராம். போய் நட்டநடுவில் குத்தியது.

"அது வரைக்கும் மத்தவங்க சுடலையா?" என்றார் பூங்கோதை.

"அதைச் சுத்தித்தான் சுட்டாங்க."

சுபேதார் விசில் அடித்தார். நாச்சிமுத்துவுக்கு நாலாம் நம்பர், அவருக்கு வலது பக்கம் பூங்கோதைக்கு அஞ்சாம் நம்பர். ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒவ்வோர் அட்டைக்கும் மேலே நம்பர் பலகை உண்டு. அதைப் பார்த்துத் தன் நம்பரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் சுட வேண்டும். நாச்சிமுத்து இன்னும் இடது பக்கத்து ஆளிடம் அந்தரத்தில் நின்ற குண்டைப் பற்றிப் பேசிக்கொண்டே குப்புறப் படுத்தார். படுத்தவாக்கிலேயே, "நாலாம் நம்பர் ரெடி" என்று கத்தினார்.

ஆளுக்குப் பத்துக் குண்டு. பூங்கோதை நீளக் கட்டையோடு மல்லுக்கட்டிச் சுட்டார். கன்னம் நிற்கவில்லை, காற்றும் விடவில்லை. எல்லாம் இடது பக்கம் சிதறியிருக்கும் என்று சுடும்போதே தெரிந்துவிட்டது. ராசாத்தி இந்த வருஷமும் இல்லை என்று மனது விட்டுப்போனது.

அட்டைகள் வந்தன. நாலாம் நம்பர் அட்டை அச்சடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. அஞ்சாம் நம்பர் அட்டையில் இருபது ஓட்டை. பத்து இடது பக்கம் சிதறிக் கிடந்தன. மற்ற பத்தும் நட்டநடுவில், ஒரு பொட்டு மறைக்கிற அளவுக்குள். அந்தக் கிளப்பில் அப்படி ஒரு சுடுதலை யாரும் பார்த்ததில்லை.

நாச்சிமுத்துவின் முகம் வெளிறிவிட்டது. நடுவில் இருப்பதெல்லாம் தன்னுடையது என்று மெதுவாகச் சொன்னார். ஷெட்டே சிரித்தது. அவர் அந்த ஷெட்டில் சொன்ன முதல் உண்மை அதுதான், அதை ஒருத்தரும் நம்பவில்லை.

பூங்கோதை நம்பினார். நடுவில் இருப்பது எதுவும் தன்னுடையதல்ல என்று சுபேதாரிடம் சொல்லியும் பார்த்தார். சுபேதார் முடியாது என்று தலையாட்டிவிட்டார். அடுத்தவர் அட்டையில் சுட்டால் சுட்டவருக்குச் சைபர். எது யாருடையது என்று ஓட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாததால், அட்டைக்காரருக்கு இருபதில் நல்ல பத்து. ராசாத்தி பூங்கோதைக்கு.

ஆசைப்பட்டது கையில் வந்தும் பூங்கோதைக்குச் சந்தோஷம் வரவில்லை. நாச்சிமுத்து மூலையில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டவர்களைத் தவிர வேறு யாரையும் பூங்கோதை இவ்வளவு அமைதியாகப் பார்த்ததில்லை. பார்க்கச் சகிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் பக்கத்துலயே இருந்தேனுங்க. அவர் நாலாம் நம்பரைப் பாத்துத்தான் சுட்டார். குண்டு பாதி வழி போச்சு. அப்ப ஒரு காத்து வந்துது பாருங்க, அப்படியே தூக்கி என் அட்டைக்குக் கொண்டுபோய் விட்டுடுச்சு. பத்துக் குண்டும் அப்படித்தான். வரிசையில நின்னு, ஒண்ணு பின்னாடி ஒண்ணா உள்ள போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மாவா இப்படிப் பேசுவது என்று வாயைப் பிளந்தார்கள். நாச்சிமுத்து தலையை நிமிர்த்தினார்.

"காத்து எந்தப் பக்கமிருந்துங்க அடிக்குது?"

"வலது பக்கம்" என்றார் பூங்கோதை.

"உங்க அட்டை எனக்கு எந்தப் பக்கம்?"

பூங்கோதை நம்பர் பலகைகளைத் திரும்பிப் பார்த்தார். அதுவும் வலது பக்கம்தான்.

"வலது பக்கமிருந்து அடிக்கற காத்து என் குண்டை எப்படிங்க வலது பக்கமே தள்ளும்? கொஞ்சமாச்சும் நம்பற மாதிரி சொல்லுங்க டாக்டர். இதுக்கெல்லாம் பழக்கம் வேணும்." ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நடந்தது என்னன்னு நான் சொல்றேன். நான் நாலைப் பாத்து வெச்சேன். ராசாத்தி தானா மூக்கைத் திருப்புனா. நான் இழுக்கறேன், அவ திரும்பறா. காதுல சொன்னாளுங்க: 'மாமா, டாக்டரம்மாவுக்குக் கை குட்டை. ஒரு வருசம் அவங்ககூட இருந்துட்டு வர்றேன். கோவிச்சுக்காத'ன்னு. பொம்பளப் புள்ள ஆசைப்பட்டுக் கேக்கறப்ப நான் என்னங்க பண்ண?"

எழுந்து போய் ராசாத்தியை எடுத்து, குழலைத் துண்டால் துடைத்து, பூங்கோதையின் கையில் கொடுத்தார். பூங்கோதைக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கிக்கொண்டார். குறுக்குக் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

சுபேதார்தான் நாலாம் நம்பர் அட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டே நாச்சிமுத்துவிடம் சொன்னார்:

"ஆக, நீங்க, உங்க துப்பாக்கி, ரெண்டு பேருல நம்பர் படிக்கத் தெரிஞ்சது ராசாத்திக்குத்தான்."