நாலு கம்பிக் கணக்கு

ஆடிக் காற்றில் முக்குரோட்டு மின்கம்பம் சாய்ந்து, பழுது பார்க்க ஏறியிருந்த சுடலை செத்துப்போனான்.

மறுநாள் விசாரணைக்கு வந்த இன்ஜினியர் ஞானவேல் ஒரு காகிதத்தைத் தட்டினார். "நாலு மின்கம்பிக்குக் கணக்குப் போட்டு நட்ட கம்பம். எந்தக் காத்துக்கும் சாயாது. குழியை நீ ஆழமாத் தோண்டலை, அதான் விழுந்துடுச்சு."

குழி தோண்டியவன் ஒப்பந்தக் கூலி பேச்சிமுத்து. ஜெயிலுக்குப் போகப்போகிறவனும் அவன்தான்.

"ஐயா, கண்டவனும் அதுல கேபிளைக் கட்டியிருந்தான். காத்து அத்தனையையும் பிடிச்சு இழுத்திருக்கு."

"எவன் கட்டினான்? சாயங்காலத்துக்குள்ள அவனவன் கையெழுத்தோட கொண்டா."

ஒரு சாவு விழுந்த பிறகு எவன் ஒப்புக்கொள்வான்? பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான்.

"அதே கேபிளெல்லாம் அடுத்த கம்பத்துலயும் தொங்குது. அறுத்துடட்டுமா ஐயா?"

"தாராளமா அறு."

மூன்று மணிக்குள் எட்டுப் பேர் கத்திக்கொண்டு ஆபீசுக்கு வந்தார்கள். 'பல வருஷமாக இந்தக் கம்பங்களில் நான் கட்டியிருந்த கேபிளைப் பேச்சிமுத்து அறுத்துவிட்டான்' என்று ஆளுக்கொரு புகார், கையெழுத்தோடு. எட்டாவது புகாரில் கேபிள் கட்டுவதற்கான ஓர் அனுமதிக் கடிதமும் இணைக்கப்பட்டிருந்தது. அதன் அடியில் ஞானவேலின் கையெழுத்து.

பேச்சிமுத்து எல்லாவற்றையும் அடுக்கி மேஜைமேல் வைத்தான். "கேட்ட கையெழுத்து ஐயா. உங்களோடதும் இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே நேற்றைவிட மூர்க்கமாகக் காற்று அடித்தது. நாலே கம்பியோடு நின்ற அடுத்த கம்பம் அசையவில்லை.

"அதுக்கும் நான்தான் ஐயா குழி தோண்டினேன்," என்றான் பேச்சிமுத்து. "மண்ணு தள்ளினது சுடலை."