தாய்மாமன் தலகாணி

ஒரு ஊர்ல ஒரு அவசரக்காரன் இருந்தான். பேரு கொளஞ்சி. கல்ராயன் மலை அடிவாரத்துல, ஒரு கரட்டுக்கு இந்தப் பக்கம் அவன் வீடு. கரடுன்னா என்னன்னு தெரியும்ல, மலையா வளரப் பாத்து பாதியிலயே உக்காந்துடுச்சே, பாறையும் முள்ளுமா, அது. ம் சொல்லு. சொன்னாத்தான் கதை நகரும்.

ம்.

ஆங். அந்தக் கொளஞ்சி நடந்தான்னா விறுவிறு விறுவிறுன்னு செருப்பு முன்னால போகும், இவன் பின்னால போவான். கோயிலுக்குப் போனாக்கூட கடைசி பஸ்ஸப் புடிக்கிற மாதிரிதான். பூசாரி மணிய எடுக்கறதுக்குள்ள இவன் கும்பிட்டு முடிச்சு வெளிய வந்து நிப்பான். "எங்கப்பா கொளஞ்சி போற?"ன்னு யாராச்சும் கேட்டா, பதிலு அடுத்த தெருவுலேர்ந்துதான் வரும்.

அவனுக்கு ஒரே ஒரு அக்கா, பூங்காவனம். பக்கத்து ஊர்ல கட்டிக் குடுத்திருந்தாங்க. அப்பா இல்ல, அம்மா இல்ல. பொறந்த வீடுன்னு சொல்லிக்க அவளுக்கு இந்தத் தம்பி மட்டுந்தான். ரொம்ப வருஷமா புள்ளையில்லாம இருந்தவளுக்கு, மாசி மாசக் கடைசியில, பனி இன்னும் பொகையா எறங்கிட்டு இருக்கறப்போ, ஒரு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு.

அந்தப் பக்கத்துல ஒரு வழக்கம். புள்ளைய மொத மொத தொட்டில்ல போடுற அன்னைக்கு, தாய்மாமன் தலகாணி கொண்டாரணும். கடையில வாங்குனது செல்லாது. அந்த வருஷத்து இலவங்காயத் தன் கையால பறிச்சு, தன் கையால பஞ்ச அடிச்சுக் கொட்டைய உதுத்து, தன் கையால அடைச்சுக் கொண்டாரணும். கொண்டாந்தா, புள்ளையோட அப்பாவப் பெத்தவ அதை வாங்கி, எல்லாச் சனத்துக்கும் முன்னால அமுக்கி அமுக்கிப் பாப்பா. உள்ள ஒரு கொட்டை தட்டுப்பட்டா மாமன் ஒரு தோப்புக்கரணம் போடணும். ஒரு மாமன் போட்ட தோப்புக்கரணத்துல பந்தியில சம்மணம் போட முடியாம, நின்னுக்கிட்டே சாம்பார் சோறு சாப்பிட்டுப் போனானாம்.

ம்.

தலகாணியே கொண்டாரலன்னா? அப்போ மாமன் புள்ளையத் தொடக்கூடாது. தொட்டில்ல போடுற உரிமை வேற யாருக்காவது போயிடும். பூங்காவனத்தோட மாமியா ராசாம்பா வேற, வாயத் தொறந்தா மூடமாட்டா. "அவசரக்காரன் கையில பஞ்சு நிக்குமாடி? பங்குனி உத்திரத்தன்னைக்குத் தொட்டிலு. உன் தம்பி கைய வீசிட்டு வருவான், நீ வேணா பாரு"ன்னு புள்ள பெத்துக் கெடந்தவள இடிச்சுக்கிட்டே இருந்தா.

பூங்காவனம் சொல்லி அனுப்புனா: "தம்பி, தலகாணியோட வா. இல்லன்னா இந்த வீட்டுல நான் தலை நிமிர முடியாது."

அவ்வளவுதான், கேட்ட காதோட கொளஞ்சி கெளம்பிட்டான். கரட்ட ஏறி எறங்கி, ஓடையத் தாண்டுனா, அந்தப் பக்கம் ஒரு இலவ மரம். அவன் பொண்டாட்டி பாவாயி வாசப்படியில நின்னு, "ஏங்க, பனியே இன்னும் விடல, காய் இப்போ எங்க முத்தியிருக்கும்?"னு கேட்டா. அவன் அதுக்குள்ள கரட்டு மேல ஏறிட்டான்.

விறுவிறு விறுவிறு. புல்லுமேல பனி, பாறைமேல பனி, சிலந்தி வலையெல்லாம் முத்து கோத்த மாதிரி பனி. அவன் எதையும் பாக்கல. மரத்துக்கிட்ட போனான். எலை எல்லாம் கொட்டி, வெறும் கொம்புல காய் காயாத் தொங்குது, வௌவாலு தொங்குற மாதிரி. தொரட்டியப் போட்டான். சடக், சடக், சடக். எட்டுற கொம்புல இருந்த அத்தனையும் பறிச்சான். சாக்குல கட்டுனான். வீட்டுக்கு வந்து ஒரு காய ஒடைச்சுப் பாத்தா, பச்சக்காயி. உள்ள பஞ்சு எங்க இருக்கு? கொழகொழன்னு ஈரமா, சளி புடிச்ச மூக்கு மாதிரி இருக்கு.

சிரிக்காத. அவனுக்கு அழுகை வந்துடுச்சு.

பாவாயி எட்டிப் பாத்தா. "ஆட்டுக்கு வேணா போட்டுப் பாக்கலாம்"னா. ஆடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.

ம்.

அப்புறம் கொஞ்ச நாளு போச்சு. பங்குனி பொறந்துச்சு. பனி மெல்ல மெல்லப் பின்னால போயி, வெயிலு வந்து முதுகத் தடவிக் குடுத்துச்சு. கொளஞ்சி மறுபடி கெளம்பிட்டான். விறுவிறு விறுவிறு. இந்தத் தடவ மரத்துல நடுக்கொம்புக் காயெல்லாம் பழுப்பேறி இருந்துச்சு. சடக், சடக். ஒடைச்சான். உள்ள வெள்ளை வெளேர்னு பஞ்சு. ஆஹான்னு ஆயிடுச்சு அவனுக்கு.

அப்போ என்ன பண்ணியிருக்கணும்? காயோட வீட்டுக்குக் கொண்டு வந்து, கதவச் சாத்திட்டு அடிச்சிருக்கணும். ஆனா அவன் யாரு? "இங்கயே பஞ்ச அடிச்சுட்டா சொமை கொறையும், வெரசாப் போயிடலாம்"னு, கரட்டு உச்சியில ஒரு பாறைமேல எல்லாக் காயையும் ஒடைச்சுக் கொட்டி, குச்சிய எடுத்து டப்பு டப்புன்னு அடிச்சான். கொட்டையெல்லாம் மொளகு மாதிரி உருண்டுச்சு. பஞ்சு பொங்கிச்சு, பால் பொங்குற மாதிரி. இன்னும் ரெண்டு அடி அடிச்சா முடிஞ்சுது.

உய்ய்ய்ங்ன்னு ஒரு காத்து.

மேலத் தெசையிலேர்ந்து வந்துச்சு. பொசுக்குன்னு பஞ்சு அத்தனையும் எழுந்துச்சு. கொளஞ்சி துண்ட வீசுறான், எட்டிக் குதிக்கிறான், ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு ஓடுறான். பஞ்சு அவன் கைக்கு மேலயே மெதந்து மெதந்து போயி, எதுத்தாப்புல மேஞ்ச எருமை முதுகுல கொஞ்சம், முள்ளுல கொஞ்சம், மிச்சம் ஆகாசத்துக்குன்னு போயிடுச்சு.

வீட்டுக்கு வந்தான். தலை வெள்ளை, மீசை வெள்ளை, புருவம் வெள்ளை.

பாவாயி கதவுகிட்ட நின்னு மேலயும் கீழயும் பாத்தா. "யாரு பெரியவரே? எங்க வீட்டுக்காரரு கரட்டுப் பக்கம் போயிருக்காரு. வந்தா சொல்றேன், உக்காருங்க."

"ஏம்புள்ள, நானே நொந்து போயி வந்திருக்கேன்."

"தெரியுது. தும்மிடாதீங்க, மீசையில இருக்கறதும் போயிடும்."

சொல்லி வாய மூடல, அச்ச்சு.

ம்... தூக்கம் வருதா? கொஞ்சந்தான் இருக்கு.

இப்போ உத்திரத்துக்கு ரொம்பக் கிட்ட வந்துடுச்சு. மரத்துல மிச்சம் இருக்கறது உச்சாணிக் கொம்புல நாலஞ்சு காய்தான். அதுவும் போச்சுன்னா பூங்காவனம் கதி? கொளஞ்சிக்கு ராத்திரி சோறு எறங்கல.

மறுநாளு காலையில பாவாயி, மொந்தையில மோருச் சோத்தக் கட்டிக்கிட்டு வாசல்ல நின்னா. "நானும் வர்றேன். ஆனா எனக்குக் கால் குட்டை. உங்க ஓட்டத்துக்கு வரமாட்டேன். என் நடைக்கு நீங்க வரணும்."

"வெயிலு ஏறிடும்டி."

"ஏறட்டும். அது நம்ம தோள்மேலயா ஏறுது."

அப்படி ரெண்டு பேரும் போனாங்க. மொதல்ல கொளஞ்சிக்குக் காலு பரபரன்னு இருந்துச்சு. ரெண்டு எட்டு முன்னால போவான், திரும்பி வருவான், கயித்துல கட்டுன கன்னுக்குட்டி மாதிரி. பாவாயி அவ பாட்டுக்கு நடந்தா. இலந்தைச் செடியில கடைசியாத் தங்குன பழத்தப் பறிச்சு, இந்தான்னு ஒன்னு குடுத்தா. துவர்ப்பும் இனிப்புமா இருந்துச்சு. கொட்டையத் துப்பிட்டு, இன்னொன்னு இருக்கான்னு கேட்டான். புங்க மரத்துல புதுத் தளிரு, எண்ணெய் தேச்சுக் குளிச்ச புள்ள மாதிரி மினுமினுங்குது. எங்கயோ ஒரு குயிலு, குக்கூ, குக்கூ. "இது எப்போலேர்ந்து கத்துது?"ன்னான். "நீங்க பொறக்கறதுக்கு முன்னேர்ந்து"ன்னா.

கரட்டு எறக்கத்துல புரச மரம். ஒரு எலை இல்ல. பூவுதான், பூவுதான், மரத்துக்குத் தீ வெச்ச மாதிரி. பாவாயி முந்தானைய விரிச்சுக் கீழ கெடந்த பூவ அள்ளுனா. "இத வேக வெச்சா மஞ்சச் சாயம் எறங்கும். என் பழைய நூல் பொடவையக் கிழிச்சு அதுல முக்குனா தலகாணி உறைக்கு ஆகும். உறைய நான் தெக்கலாம்ல, அதுக்கு உங்க வழக்கத்துல தடை இல்லையே?" கொளஞ்சியும் குனிஞ்சு பூ பொறுக்குனான். இத்தனை தடவ இந்த வழியில போயிருக்கான், இந்த மரம் இங்க இருக்கறதே அவனுக்குத் தெரியாது.

அப்புறம் ஓடைக்கரையில உக்காந்து மோருச் சோத்தச் சாப்பிட்டாங்க. சாப்பிட்டுட்டு சும்மா இருந்தாங்க. அப்போ மேல சலசல சலசலன்னு ஒரு சத்தம். பாத்தா வாகை மரம். போன வருஷத்துக் காய் காஞ்சு சருகாத் தொங்குது. காத்தடிச்சா உள்ள வெதை குலுங்கி, மரமே கிலுகிலுப்பை ஆட்டுது. பாவாயி ஒரு கொத்த ஒடைச்சு நாருல கட்டி, "இது புள்ளைக்கு"ன்னா.

கொளஞ்சி அந்தக் கொத்த வாங்கி ஆட்டுனான். காதுகிட்ட வெச்சு ஆட்டுனான். ஆட்டிட்டு எழுந்தான். மெதுவாத்தான் எழுந்தான். இலவ மரத்துக்குப் போயி, பாதி மரம் ஏறி, தொரட்டியால ஒரு காயப் பறிக்கல, சும்மா தட்டிப் பாத்தான். ம்ஹும், சத்தமில்ல. விட்டுட்டான். அடுத்தது, ம்ஹும். அதுக்கடுத்தது, கலகலன்னுச்சு. உள்ள பஞ்சு காஞ்சு, கொட்டை தளந்து குலுங்குது. அதைப் பறிச்சான். அப்படிக் கேட்டுக் கேட்டு மூணே காய்தான் பறிச்சான். ஒன்னையும் ஒடைக்கல. குழந்தையத் தூக்குற மாதிரி மடியில கட்டிக்கிட்டு வந்தான்.

வீட்டுல கதவு சன்னலெல்லாம் சாத்திட்டு, காய ஒடைச்சுக் கூடைக்குள்ள போட்டு, மேல பொடவையப் போத்தி, டொப்பு, டொப்புன்னு அடிச்சான். பாவாயி தொடல. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்"னு செவுத்துல சாஞ்சு, வாகைக் கொத்த ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. பஞ்ச இணுக்கு இணுக்காப் பிரிச்சுக் கொட்டைய எடுத்தான். மஞ்ச உறையில அடைச்சான். மூணு காய்ப் பஞ்சு எவ்வளவு வரும்? ஒரு சின்னத் தலகாணி. உள்ளங்கைய விடக் கொஞ்சம் பெருசு.

ம்.

உத்திரத்தன்னைக்கு ரெண்டு பேரும் போனாங்க. வீடு நெறைய சனம். பூங்காவனம் புள்ளைய வெச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறா. ராசாம்பா தலகாணிய வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"ஏன் கொளஞ்சி, இது தலகாணியா, இட்லியா?"

சனம் சிரிச்சுச்சு. பாவாயி சொன்னா: "புள்ளைக்குத் தலை தேங்கா அளவுதானே அத்தை. உங்களுக்குன்னா பெருசாக் கொண்டாந்திருப்போம்."

ராசாம்பா அமுக்க ஆரம்பிச்சா. மூலையில அமுக்குனா, நடுவுல அமுக்குனா. விரலு நோகற வரைக்கும் அமுக்குனா. ஒரு கொட்டை இல்ல. சிரிச்சவங்க எல்லாம் கிட்ட வந்துட்டாங்க. கடைசி மூலைக்கு வந்துச்சு ராசாம்பா கை. நின்னுச்சு. தையல ஒரு கண்ணு பிரிச்சு, சுண்டுவெரல விட்டு, ஒன்னே ஒன்ன எடுத்து ஒசத்திக் காட்டுனா.

கொளஞ்சி சனத்துக்கு முன்னால வந்தான். ரெண்டு காதையும் புடிச்சான். ஒரே ஒரு தோப்புக்கரணம். அதையும் அவசரமில்லாம, முழுசா உக்காந்து முழுசா எழுந்தான். எழுந்து அக்கா கையிலேர்ந்து புள்ளைய வாங்கித் தொட்டில்ல போட்டான். அந்த மஞ்சத் தலகாணியில தலைய வெச்சதும் புள்ள ஒரு கொட்டாவி விட்டுச்சு. கைய மடக்குச்சு. தூங்கிடுச்சு.

ராசாம்பா தொட்டில்குள்ள எட்டிப் பாத்தா. "ஒன்னுதான். பரவால்ல"ன்னா. அவ வாயிலேர்ந்து பரவால்லன்னு வந்தத அந்த வீட்டுல யாரும் அதுவரைக்கும் கேட்டதில்ல. பூங்காவனம் தலைய நிமித்தி, பாயசத்த மொதல்ல தம்பி எலையிலதான் ஊத்துனா.

சாப்பிட்டு முடிஞ்சதும் ராசாம்பா அந்தக் கொட்டையக் கையில வெச்சுக்கிட்டு வந்தா. "ஏய்யா கொளஞ்சி, இதக் கொல்லையில நட்டு வெக்கப்போறேன். மரமாயிடுச்சுன்னா அடுத்த புள்ளைக்கு நீ கரடு ஏறி எறங்க வேணாம் பாரு."

கொளஞ்சி பாவாயியப் பாத்தான். பாவாயி வெத்தலைய மடிச்சுக்கிட்டே சிரிச்சா.

"கொல்லையில வேணாம் அத்தை"ன்னான் கொளஞ்சி. "கொஞ்சம் தள்ளி நடுங்க. நல்லாத் தள்ளி. நடுவுல ஒரு ஓடை இருந்தா இன்னும் நல்லது."

ம்?

ம் காணோமே.

சரி சரி. கதையும் படுத்துக்கிச்சு, நீயும் படுத்துக்க.