மருதாயி எழுதிய மாண்டரின்

திருப்பூர் பனியன் கம்பெனி மெக்கானிக் மருதாயிக்கு, சீனாவில் மாண்டரின் மொழி படிக்க இடம் கிடைத்தது. விசா வாங்கச் சென்னைக்கு வந்தாள். விசா ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்த கனகசபாபதி, தனக்கு மாண்டரின் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவர்.

"மாண்டரின் தெரிஞ்சவங்களுக்குத்தான் படிப்பு விசா. மத்தவங்களுக்கு ஒரு மாசச் சுற்றுலா விசா," என்றார்.

"தெரிஞ்சிருந்தா எதுக்குங்க சார் படிக்கப் போறேன்?"

"சட்டம் பேசாதே. பத்து வரி எழுதிக் காட்டு."

மருதாயிக்கு ஒரு எழுத்தும் தெரியாது. சும்மா திரும்பினால் படிப்பு போய்விடும். யோசிப்பவள்போல் அவர் தோளுக்கு மேலே பார்த்துப் பார்த்துப் பத்து வரி எழுதி நீட்டினாள்.

கனகசபாபதி சிவப்புப் பேனாவால் வரிக்கு வரி சுழித்தார். "அத்தனையும் தப்பு. நீ ரெண்டு வருஷமாவது உட்கார்ந்து படிக்கணும்."

"அதையே ஃபைல்ல எழுதிருங்க சார்."

வீறாப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் குறிப்பைப் பார்த்த மேலதிகாரி ரெண்டு வருஷப் படிப்பு விசாவே போட்டுக் கொடுத்தார்.

"இவ்வளவு தப்பா உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார் கனகசபாபதி.

மருதாயி பாஸ்போர்ட்டைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். "உங்க பின்னாடி ஒரு சைனா தண்ணி மெஷின் நிக்குதுங்களே, அதுல ஒட்டியிருக்கிற சைனா எழுத்தைப் பார்த்துத்தான் எழுதினேங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் மெஷினைப் பார்த்தார்கள். கனகசபாபதி மட்டும் திரும்பவே இல்லை.