தலையாட்டிய நீர்நாய்

காட்டாற்றின் நடுவே கரடிமடு என்று ஓர் ஆழமான மடு இருந்தது. அதில் ஒரு நீர்நாய்க் கூட்டம் மீன் பிடித்து வாழ்ந்து வந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கிழ நீர்நாயோடும் ஓர் இளைய நீர்நாயை ஜோடி சேர்த்துவிடுவார்கள். கிழம் பாறைமேல் உட்கார்ந்து கரையைக் கவனிக்கும். இளசு மூழ்கி மீன் பிடிக்கும். பிடித்ததை இரண்டும் அதே பாறையில் வைத்துத் தின்னும். ஆபத்தை எது முதலில் பார்த்தாலும் சீழ்க்கை அடிக்க வேண்டும். அதைக் கேட்ட நீர்நாய் தலையை ஆட்டிவிட்டு ஓடிப் பதுங்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தது தலைவி நெடுவாலி. அதற்கு முன்பெல்லாம் கிழங்கள் வளைக்குள் பேச்சுத் துணையில்லாமல் சுருண்டு கிடந்தன. காவலில்லாத குட்டிகளைக் கரையோரம் வந்த செந்நாய்கள் தூக்கிப் போயின. ஜோடி சேர்ந்தபின் இரண்டு துயரங்களும் குறைந்தன. ஆனால் நெடுவாலி ஒரு கண்டிப்பும் வைத்திருந்தது. கண்ணோ காதோ மங்கிவிட்டால் பாறையில் இடமில்லை. வளைக்குத் திரும்பிவிட வேண்டும்.

மோவாயன் துணையை இழந்த கிழ நீர்நாய். அதன் ஜோடி சுழலி என்ற வாயாடி. மடுவின் நடுப்பாறை அவற்றின் இடம்.

"தாத்தா, இன்னிக்கு உனக்குக் கெளுத்தியா, கெண்டையா?"

"எதுவானாலும் முள்ளில்லாத பக்கமா வை. எனக்குப் பல்லு எங்கே இருக்கு? வெறும் ஈறுதான்!"

"ஈறை வச்சே நேத்து என் பங்கையும் முடிச்சுட்டியே!"

"மிச்சம் வச்சா வீணாப் போகுமேன்னு பார்த்தேன்!"

இப்படித்தான் அவற்றின் பொழுது போகும். வளைக்குள் கிடந்த நாட்களை மோவாயன் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை.

அந்தக் கோடையில் மோவாயனுக்குக் காது மந்தமானது. பக்கத்தில் வந்து பேசினால் கேட்கும். ஆற்றிலிருந்து வரும் மெல்லிய, கூர்மையான சீழ்க்கை மட்டும் கேட்கவில்லை. சொன்னால் வளைக்குப் போகவேண்டும். அதனால் மோவாயன் ஒரு வழி கண்டுபிடித்தது. சுழலியின் தலை தண்ணீருக்கு மேலே எழுந்தால் போதும், சீழ்க்கை வந்ததோ இல்லையோ, பலமாகத் தலையை ஆட்டும்.

சுழலிக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் மோவாயனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று சீழ்க்கை அடித்துப் பார்த்தது. தாத்தா திரும்பவே இல்லை!

'நெடுவாலி அத்தையிடம் சொன்னால் தாத்தாவை வளைக்கு அனுப்பிவிடுவார்களே!' என்று சுழலி நினைத்தது. அதுவும் வாயை மூடிக்கொண்டது.

இதையெல்லாம் மரக்கிளையிலிருந்து ஒரு மீன்கொத்தி பார்த்துக்கொண்டிருந்தது. அது கிளையில் இருந்தபடியே கிறீச்சிட்டது. "கிழவா, உன் வாலை நண்டு கவ்வியிருக்கு!"

மீன்கொத்தி ஏதோ சொல்வது மட்டும் மோவாயனுக்குத் தெரிந்தது. மரியாதையாகத் தலையை ஆட்டியது. மீன்கொத்தி விழுந்து விழுந்து சிரித்தது.

வெயில் ஏறியது. கீழ் ஆறு வற்றியது. அங்கிருந்த கிழட்டு முதலை ஒன்று கரடிமடுவுக்கு வந்து சேர்ந்தது. மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி நாணல் மறைவில் கிடந்தது. அதற்குப் பசியோ பசி.

"என்ன அண்ணே, இளைச்சுப் போயிட்டீங்க?" என்றது மீன்கொத்தி.

"இந்த நீர்நாய்ங்க கிட்டேயே போக முடியலை தம்பி. ஒண்ணு பார்த்தா எல்லாம் ஓடிடுது!"

"ஓடாத ஒண்ணு இருக்கே! நடுப்பாறைக் கிழவனுக்குச் சீழ்க்கையே கேக்காது. சும்மா தலையை ஆட்டுவான். அவன் ஆட்டுறதைப் பார்த்து மத்தவங்களும் கேட்டுடுச்சுன்னு நம்பிடுவாங்க!"

முதலையின் கண் மெல்லத் திறந்தது. "அப்படியா சேதி? காரியம் முடிஞ்சா, சிந்துறதெல்லாம் உனக்குத்தான் தம்பி."

மறுநாள் காலை. மோவாயன் நடுப்பாறையில் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கரையில் ஒன்றுமில்லை. ஒரு கெண்டையைத் துரத்திக்கொண்டு ஆழத்தில் போன சுழலிக்கு, மேலே ஒரு நீண்ட நிழல் தெரிந்தது. நிழல் அசைந்தது. அது நேராக நடுப்பாறையை நோக்கிப் போனது!

சுழலி மேலே பாய்ந்து வந்தது. மூச்சு வாங்கக்கூட நிற்காமல் சீழ்க்கை அடித்தது.

மோவாயன் அதைப் பார்த்துச் சிரித்தது. தலையை ஆட்டியது. உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மற்ற நீர்நாய்கள் சீழ்க்கையைக் கேட்டுக் கரையேறி ஓடின.

"தாத்தா! தாத்தாவைப் பாருங்க!" என்று அலறியது சுழலி.

"அவர்தான் தலையாட்டிட்டாரே! வந்துடுவார். நீ ஏறு முதல்ல!" என்று ஓடிக்கொண்டே சொன்னது ஒரு நீர்நாய்.

நிழல் பாறையின் அடிக்கு வந்துவிட்டது. தண்ணீர் லேசாகச் சுழித்தது. சுழலி மறுபடியும் சீழ்க்கை அடித்தது. மோவாயன் மறுபடியும் தலையாட்டியது!

இனி அடித்துப் பயனில்லை என்று சுழலிக்குப் புரிந்தது. கரைக்குப் போகாமல் பாறையை நோக்கி நீந்தியது. அதுவும் முதலையும் ஒரே நேரத்தில் பாறையை அடைந்தன. தண்ணீர் வெடித்தது. முதலையின் வாய் மேலே எழுந்தது. சுழலி பாய்ந்து தன் தலையால் மோவாயனின் விலாவில் ஓங்கி முட்டியது.

"ஐயோ! என்ன புள்ளே உனக்கு…"

மோவாயன் பாறையின் மறுபக்கம் உருண்டது. படீரென்று முதலையின் வாய் மூடியது. அதற்குள் அகப்பட்டது மோவாயனின் வால் நுனி மட்டும்தான். மோவாயன் உயிர் போகிற மாதிரி கத்தியது.

அந்தக் கத்தல் கரைவரை கேட்டது. நெடுவாலி திரும்பிப் பார்த்தது. "எல்லாரும் வாங்க!" என்று கூவிக்கொண்டு தண்ணீரில் குதித்தது. மொத்தக் கூட்டமும் பின்னால் குதித்தது. ஒற்றை நீர்நாய் முதலைக்கு ஒரு வாய்ச் சோறு. கூட்டமோ வேறு விஷயம். வாலைக் கடித்தன, காலைக் கடித்தன, மூக்கின்மேல் ஏறின. முதலை வாயைத் திறந்தது. வால் நுனியை விட்டுவிட்டு ஆழத்துக்குள் போய்விட்டது.

போனது அவ்வளவு தூரம்தான். மடுவை விட்டுப் போகவில்லை.

கரையில் ஒரு கல்லின்மேல் மோவாயன் ரத்தம் ஒழுகப் படுத்திருந்தது. நெடுவாலி அதன் எதிரே வந்து நின்றது.

"தலையாட்டினீங்களே, எதுக்கு ஆட்டினீங்க?"

மோவாயன் தரையைப் பார்த்தது. "எனக்குக் கேக்கலை தாயி. இந்தக் கோடை முழுக்கவே கேக்கலை. சொன்னா வளைக்கு அனுப்பிடுவே. அங்கே படுத்துக் கிடக்கறதுக்கு முதலை வாயே தேவலைன்னு இருந்துட்டேன். ஆனா என்னால இந்தப் புள்ளையும் செத்திருக்குமே! அதை நான் நினைச்சுப் பார்க்கலை."

"எனக்கும் தெரியும் அத்தை," என்றது சுழலி. "தெரிஞ்சே மறைச்சேன். தாத்தா மேலே பாசம்னு நினைச்சுக்கிட்டேன். அனுப்பறதா இருந்தா என்னையும் வளைக்கு அனுப்புங்க!"

நெடுவாலி மற்றக் கிழங்களைப் பார்த்தது. "வேற யாருக்காவது கேக்காம இருக்கா? உண்மையைச் சொல்லுங்க."

ஒரு பாதம் மெல்ல உயர்ந்தது. இன்னொன்று உயர்ந்தது. கடைசியில் கிழங்களில் பாதிக்குமேல் பாதத்தைத் தூக்கி நின்றன!

நெடுவாலி ஆற்றின் பாறைகளைத் திரும்பிப் பார்த்தது. அத்தனை பேரையும் அனுப்பினால் பாறைகள் காலியாகும். குட்டிகள் மறுபடியும் செந்நாய்க்கு இரையாகும்.

"தப்பு என் மேலேயும் இருக்கு," என்றது கடைசியில். "உண்மையைச் சொன்னா தண்டனைன்னு வச்சவளே நான்தான். அப்புறம் யாரு சொல்லுவாங்க? வளைக்குப் போற சட்டம் இன்னியோட போச்சு. ஆனா சீழ்க்கை கேக்காதவங்களுக்கு எப்படிச் சொல்றது?"

"தண்ணியில வாலால ஓங்கி அடிக்கலாமே!" என்றது சுழலி. "அந்தச் சத்தம் தடியா இருக்கும்."

"அடி பார்ப்போம்," என்றது மோவாயன்.

சுழலி அடித்தது. "கேட்டுச்சா தாத்தா?"

மோவாயனின் தலை பழக்கத்தில் ஆடப்போனது. பாதியில் நின்றது. "இல்லை. இன்னும் கிட்டே வந்து அடி!"

சுழலி நெருங்கி வந்து அடித்தது. "இப்போ கேட்டுது! காதிலேயும் கேட்டுது, கல்லு வழியாக் காலிலேயும் கேட்டுது!"

"இனிமே தலையாட்டுற வேலையே வேண்டாம்," என்றது நெடுவாலி. "பாறையை விட்டு இறங்கினாத்தான் கேட்டதா அர்த்தம். இறங்கலைன்னா போய்த் தள்ளி விடுங்க!"

காயம் ஆறும் முன்பே மோவாயன் நடுப்பாறைக்குத் திரும்பியது. முதலையும் அதைப் பார்த்தது. மறுபடியும் ஒருநாள் காலை ஓசையில்லாமல் நீந்தி வந்தது. பளார் என்று ஒரு வாலடி கேட்டது. முதலை வாயைத் திறந்துகொண்டு எழுந்தபோது பாறை வெறுமையாக இருந்தது. பல்லில் கல்தான் இடித்தது.

"அவனுக்குக் காது கேக்காதுன்னு சொன்னியேடா!" என்று முதலை மீன்கொத்தியைப் பார்த்து உறுமியது.

"இப்பவும் கேக்காதுதான் அண்ணே," என்றது மீன்கொத்தி. "ஆனா இப்போ அது எல்லாருக்கும் தெரியும்!"

முதலை பசியோடு வேறு மடுவைத் தேடிப் போனது.

முதியவரும் இளையவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும் போதாது. முடியாததை முடியவில்லை என்று பயமில்லாமல் சொல்ல முடிகிற இடத்தில்தான் ஒருவரை ஒருவர் காப்பாற்ற முடியும்.